கிட்டாரைக் கோர்ப்பதா, உரிப்பதா, அறுப்பதா?

அக்கா பையன் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "மாமா, எலெக்ட்ரிக் கிட்டார் ஒண்ணு நானே பண்ணலாம்னு இருக்கேன். பெயிண்டும் நானேதான். எப்படிப் போலாம், சொல்லு" என்றான். கேட்க அவனுக்கு ஒரு நிமிஷம் போதுமாக இருந்தது. பதில் சொல்ல எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

பழைய வண்ணாரப்பேட்டையில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். ஃபேன், மிக்ஸி, தண்ணி மோட்டார் என்று புகைந்துபோனது எல்லாம் வரும். கிட்டார் பைத்தியம் பெரம்பூரில் வளர்ந்தபோது ஒட்டிக்கொண்டது. எங்கள் வரிசையில் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. ஞாயிறு சாயந்திரம் அவர்கள் வீட்டு ஜன்னலிலிருந்து வரும் சத்தத்துக்காகவே தெருவில் நிற்போம். இதுவரை மூன்று கிட்டார் கோர்த்திருக்கிறேன். ஒன்று நன்றாக வந்தது, ஒன்று சுமார், மூன்றாவது சுவரில் ஆணிக்கு அழகாகத் தொங்குகிறது. அந்த மூன்றாவதில் கற்றதுதான் அதிகம்.

பையன் ராயபுரத்தில் சர்ச் கொயரில் வாசிக்கிறான், சனிக்கிழமை வியாசர்பாடிப் பசங்களோடு கானாவுக்கும் போகிறான். 2018-இல் கானாவோடு ராக்கும் ராப்பும் கலந்த தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடை ஏறிய பிறகு கானாவுக்குப் பக்கத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் நிற்பதைப் பார்த்து யாரும் புருவம் தூக்குவதில்லை.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லி வாயடைக்கப் பார்த்தேன். சொந்தமாகச் செய்தால் மலிவு என்பது பொய். அதே காசுக்கு மவுண்ட் ரோட்டில் கடைக்குள் போய், நாலு கிட்டாரை வாசித்துப் பார்த்து, வாரன்டியோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வரலாம். நாளைக்கு விற்றால் கம்பெனி கிட்டாருக்கு ஒரு விலை இருக்கும், நாம் கோர்த்ததற்குப் பாகத்தின் விலைகூடத் தேறாது. வாசிக்க மட்டும் கிட்டார் வேண்டுமென்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், கடைக்குப் போகலாம்.

அவன் எழுந்திருக்கவில்லை.

சரி, செய்வதென்றால் நாலு வழி. பெட்டியில் வரும் கிட்டை வாங்கிக் கோர்ப்பது. பழைய கிட்டார் ஒன்றை வாங்கி உரித்துப் புதுசாக்குவது. பாடி (உடல் பலகை), நெக் (விரல் ஓடும் கழுத்து), பிக்கப் (கம்பியின் அதிர்வைக் கரண்டாக்கும் காயில்), பிரிட்ஜ் (பாடியில் கம்பியைத் தாங்கும் சாமான்) என்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்ப்பது. அல்லது பாடியை இங்கேயே மரத்தில் அறுத்து, நெக்கை மட்டும் வாங்குவது. நாலிலும் பெயிண்ட் தனிக் கதை. அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வடசென்னைக்காரனுக்குக் கை ஓங்கியிருப்பது அங்கேதான்.

இந்த நாலு வழியும் சாத்தியமானதே ஒரு ரேடியோ ரிப்பேர்காரரால். லியோ ஃபெண்டருக்குக் கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை, கிட்டார் வாசிக்கத் தெரியாது. கெட்டுப்போனதைக் கழற்றி மாற்றுகிற புத்தி அவருக்கு, நம்ம ஆள். 1951-இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிட்டாரிலும், 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் (சுருக்கமாக டெலி, ஸ்ட்ராட்) நெக்கைப் பசை போட்டு ஒட்டாமல் நாலு ஸ்க்ரூவில் முடுக்கினார். நெக் போனால் வேறு நெக். கிப்சன் 1952-இல் கொண்டுவந்த லெஸ் பால் அப்படியில்லை, நெக் ஒட்டித்தான் இருக்கும். அதனால் முதல் கிட்டாருக்கு ஃபெண்டர் வகைதான் சரி. லெஸ் பால் வடிவக் கிட் படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும், நெக்கின் சாய்வு ஒரு முடி தப்பினால் திருத்த வழியில்லை.

கிட்டைப் பார்ப்போம். பெட்டியைத் திறந்தால் எல்லாம் இருக்கும். பாடியில் துளைகூடப் போட்டிருப்பார்கள். சால்டரிங் இரும்பே தேவைப்படாமல் பிளக்கைச் செருகினால் ஓடுகிற மாதிரியும் கிடைக்கிறது. ஒரு சனி ஞாயிறில் சத்தம் கேட்டுவிடலாம். ஆனால் பாடி பெரும்பாலும் பாஸ்வுட் மாதிரி மெத்தென்ற மரம். ஸ்க்ரூவை இரண்டு தடவை கழற்றி மாட்டினால் துளை லூஸாகிவிடும், தீக்குச்சியைப் பசையில் தோய்த்துச் செருக வேண்டிவரும். நெக்கில் குறுக்கே பதித்த ஃப்ரெட் எனும் உலோகக் கம்பியின் ஓரம் கையைக் கிழிக்கும், ஃபைல் போட்டுத் தேய்க்க வேண்டும். கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் டியூனிங் கீ நிற்காது. மரம் தெரிகிற மாதிரி சாயம் ஏற்றலாம் என்று ஆசைப்பட்டால், ஃபேக்டரியிலேயே மரத்தின் துளையை அடைக்கும் சீலர் அடித்து அனுப்பியிருப்பார்கள், சாயம் உள்ளே இறங்காமல் திட்டுத் திட்டாக நிற்கும்.

கிட் வாங்கியவன் என்ன செய்வான்? முதலில் கீ மாற்றுவான், அடுத்த மாதம் பிக்கப், அப்புறம் வால்யூமும் டோனும் திருகும் பொட்டென்ஷியோமீட்டர், சுருக்கமாகப் பொட். கிட்டில் வருவது 16 மி.மீ. சின்னப் பொட், நல்லதாக வாங்கினால் 24 மி.மீ., அதன் கழுத்து பழைய துளையில் நுழையாது. துளையைப் பெரிதாக்க வேண்டும். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கிட்டில் மிச்சமிருப்பது பாடி மட்டும்தான் இருக்கும், அந்தப் பெட்டியிலேயே மலிவான சாமான். என்னுடைய 'சுமார்' கிட்டார் இப்படி வந்ததுதான். இருந்தாலும் கிட்டைக் குறை சொல்ல மனசில்லை. ஈயம் வைக்கவும், கம்பி உயரம் சரிபண்ணவும், நெக்கின் வளைவைச் சரிபண்ண அதற்குள் இருக்கும் டிரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் திருகவும் பயமில்லாமல் கற்க அதைவிட நல்ல சிலேட்டு கிடையாது. கெட்டால் மனசு நோகாது.

பழசை உரிப்பது இரண்டாவது வழி. கையிருப்பு குறைவாக இருந்தால் இதுதான். வீட்டில் யாரோ வாங்கி, மூன்று மாதம் வாசித்து, பரணில் போட்ட கிட்டார்கள் ஊரில் ஏராளம். மூர் மார்க்கெட் 1985-இல் எரியாமல் இருந்திருந்தால் அங்கேயே பொறுக்கலாம். இப்போது தெரிந்தவர் தெரியாதவர் என்று போனில்தான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. வாங்கும்போது பெயிண்டைப் பார்க்க வேண்டாம். தலைப்பக்கம் கண்ணை வைத்து நெக் நெடுகப் பாருங்கள், ஆசாரி சட்டம் பார்க்கிற மாதிரி. முறுக்கு இருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வாங்காதீர்கள். லேசான வளைவு என்றால் டிரஸ் ராடில் சரியாகும், ஆனால் அந்த ராடு சுற்றுகிறதா என்று அங்கேயே திருகிப் பார்த்துவிட வேண்டும். பின்பக்க மூடியைக் கழற்றி, குடைந்த இடத்தில் மரம் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது பிளைவுட். பிளைவுட் ஒன்றும் பாவமில்லை, அதற்கேற்ற விலை கொடுத்தால் போதும்.

உரிப்பதில்தான் ஏமாறுவார்கள். மலிவுக் கிட்டார்களில் அடித்திருப்பது பாலியஸ்டர். கண்ணாடி மாதிரி தடிமனாக இருக்கும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரை ஊற்றினால் சும்மா முகம் கழுவிக்கொள்ளும். ஹீட் கன் வைத்துச் சூடாக்கி, பட்டித் தகட்டால் நெம்பினால் தகடு தகடாக எழும்பும், கொஞ்சம் அசந்தால் மரம் கருகும். இரண்டு ஞாயிறு இதிலேயே போனது எனக்கு, தெருவெல்லாம் நாற்றம். அப்புறம்தான் புத்தி வந்தது: பெயிண்ட் விரிசல் இல்லாமல் இருந்தால் உரிக்கவே வேண்டாம். 400 நம்பர் வாட்டர் பேப்பரால் மினுமினுப்பை மட்டும் எடுத்துவிட்டு அதையே அடித்தளமாக வைத்து மேலே அடிக்கலாம். கம்பெனிக்காரன் மரத்தின் துளையெல்லாம் அடைத்துச் சமமாக்கி வைத்திருக்கிறான், அந்த வேலை நமக்கு மிச்சம்.

தனித்தனியாகப் பாகம் வாங்கிக் கோர்ப்பது மூன்றாவது. இதற்குப் பெரிய பெரிய ராக் கிட்டார்காரர்களின் பெயர் உண்டு. எட்டி வான் ஹேலன் 50 டாலருக்கு ஒரு பாடியும் 80 டாலருக்கு ஒரு நெக்கும் வாங்கிக் கோர்த்து, டேப் ஒட்டிக் கறுப்பு வெள்ளைக் கோடு அடித்ததுதான் அவருடைய பேர்போன கிட்டார். எரிக் கிளாப்டன் மூன்று பழைய ஸ்ட்ராட்களில் நல்லதை மட்டும் எடுத்து ஒன்றாக்கியது 2004 ஏலத்தில் 9 லட்சத்து 59 ஆயிரத்து 500 டாலருக்குப் போனது. கேட்கப் பெருமையாக இருக்கும். நம் கையில் சேரும்போது வேறு மாதிரி: ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு ஊர் அளவு. நெக்கின் அடிப்பாகம் 56 மி.மீ. அகலம் என்பது ஃபெண்டர் வழக்கம், மலிவு பாடிகளில் அது அரை மி.மீ. முன்னே பின்னே இருக்கும். பிரிட்ஜின் இரண்டு போஸ்ட்டுக்கு நடுவில் இடைவெளி ஒரு கம்பெனிக்கு ஒன்று. வெளிநாட்டுச் சாமான் என்றால் கப்பல் கூலி, சுங்கம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம் உலகம் முழுக்கப் பல கிட்டார்களில் நெக்கின் மேல் கரும்பழுப்புப் பலகையாக ஒட்டப்படுகிறது. அந்த மரவகை முழுவதையும் 2017-இல் சர்வதேசக் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தார்கள், முழுசாகச் செய்துமுடித்த வாத்தியங்களுக்கு மட்டும் 2019-இல் விலக்குக் கொடுத்தார்கள். பையனுக்குச் சொன்னது, மேப்பிள் நெக்கே வாங்கு, நிம்மதி.

நாலாவது வழிக்கு வருகிறேன். எனக்குப் பிடித்தது இது, அதனால் கொஞ்சம் சந்தேகத்தோடேயே கேளுங்கள்.

குயின் இசைக்குழுவின் பிரையன் மே 1963-இல் அப்பாவோடு உட்கார்ந்து கிட்டார் செய்தபோது நெக்குக்கு எடுத்தது ஒரு பழைய வீட்டுக் கணப்படுப்பின் மேல்சட்டம். இரண்டு வருஷம் ஆனது. பிரிட்ஜ் ஸ்பிரிங் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். நம் பக்கம் கணப்படுப்பு ஏது? ஆனால் இடித்த வீட்டின் நிலையும் கதவும் உண்டு. ராயபுரத்திலும் சௌகார்பேட்டையிலும் பழைய வீடு இடிபடும்போது வெளியே வரும் பர்மா தேக்கு அறுபது எழுபது வருஷம் காய்ந்த மரம். ஈரம் இறங்கி முறுக்கிக்கொள்ளும் பயம் இல்லை. வால்டாக்ஸ் ரோட்டில் புதுப் பலகை வாங்கினால் அந்த உத்தரவாதம் கிடையாது. நல்லா காய்ந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

தேக்கில் இரண்டு சங்கடம். கனம் ஒன்று. ஃபெண்டர் பயன்படுத்தும் ஆல்டர் மரத்தைவிடத் தேக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், 2 கிலோ இருக்க வேண்டிய பாடி 3 கிலோவை நெருங்கும். ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோள் பேசும். உள்ளே குடைந்து கனம் குறைக்கலாம். இன்னொன்று எண்ணெய்ப் பசை. ஒட்டுவதற்கும் பெயிண்ட் அடிப்பதற்கும் முன்னால் தின்னரில் துடைக்காவிட்டால் எதுவும் பிடிக்காது. பழைய நிலையில் ஒடிந்த ஆணி உள்ளேயே இருக்கும், மரம் குடையும் ரூட்டர் மெஷினின் பிட் அதில் பட்டால் அன்றைக்கு அந்த பிட் போச்சு. காந்தத்தை நூலில் கட்டி மரத்தின் மேல் மெல்ல இழுத்துப் பார்த்தால் எங்கே இழுக்கிறதோ அங்கே ஆணி. பலா இன்னொரு தேர்வு. தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் பலாவில்தான், நம் ஆசாரிகளுக்கு அதன் குணம் தெரியும். தேக்கைவிடக் கொஞ்சம் லேசு, மஞ்சள் நிறம் நாளாக ஆக மெருகேறும். சாயம் பூசாமல் விடுவதென்றால் பலாதான்.

வடிவம் டெலிகாஸ்டர் என்றால் ஆசாரி ஒரே நாளில் முடிப்பார். தட்டையான பலகை, வயிற்றுக்கு வளைவு கிடையாது, ஸ்பிரிங் குழி கிடையாது. தடிமன் 45 மி.மீ., அகலம் ஒரு அடிக்குக் கொஞ்சம் மேல், ஆகவே நிலைச்சட்டத்தில் மூன்று துண்டை ஒட்டினால் கிடைத்துவிடும். ஸ்ட்ராட் வேண்டுமென்று பையன் அடம்பிடித்தான். "மாமா, டெலி பார்க்க சப்பாத்திப் பலகை மாதிரி இருக்கு." இருக்கட்டும். முதல் தடவைக்குச் சப்பாத்திப் பலகை போதும்.

மரம் மாறினால் சத்தம் மாறுமா என்று சண்டை போடுகிறவர்கள் போடட்டும். கடையில் ஒரே பிக்கப்பை இரண்டு பாடியில் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்திருக்கிறேன். பிக்கப் உயரத்தை ஒரு மி.மீ. மாற்றினால் வரும் வித்தியாசம் என் காதுக்கு மரத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

ஆனால் நெக்கை மட்டும் ஆசாரியிடம் கொடுக்காதீர்கள். அவர் திறமையில் குறை இல்லை, அளவுகோல்தான் வேறு. நம் மரவேலையில் சின்ன அளவு ஒரு நூல், அதாவது இன்ச்சில் எட்டில் ஒன்று, 3 மி.மீ. சொச்சம். கதவு ஒரு நூல் தப்பினால் சீவிவிடலாம். ஃபெண்டர் நெக்கில் தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 648 மி.மீ.; மிச்ச நீளத்தை ஒவ்வொரு தடவையும் 17.817-ஆல் வகுத்து ஃப்ரெட் போட வேண்டும், முதல் ஃப்ரெட் 36.37-இல். பன்னிரண்டாம் ஃப்ரெட் 1 மி.மீ. நகர்ந்தால் சுருதி 5 சென்ட் விலகும் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒன்று ஒரு சென்ட்), ஒரு நூல் நகர்ந்தால் 17 சென்ட். சர்ச்சில் ஆர்கனோடு சேர்ந்து வாசிக்கும்போது அது காதில் விழும். மொத்தப் பிழையைப் பிரிட்ஜில் சரிக்கட்டலாம், ஒற்றை ஃப்ரெட்டின் பிழையைக் கடவுளாலும் சரிக்கட்ட முடியாது. கம்பிகளின் இழுவையும் சேர்ந்துகொள்ளும். மெல்லிசான 9 நம்பர் செட்டே ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 38 கிலோ இழுக்கும், ராப்பகலாக. ஆக நாலு வழியில் எதில் போனாலும், கையில் இருக்கும் காசில் பெரிய பங்கு நெக்குக்கு.

பிக்கப் விஷயத்தில் என்னைக் கேட்காமல் இருப்பானா? "நீதான் காயில் கட்டுறியே மாமா, பிக்கப்பும் நீயே கட்டேன்." கட்டலாம். ஸ்ட்ராட் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி எட்டாயிரம் சுற்று சொச்சம் செப்புக் கம்பி, வேறொன்றும் இல்லை. மீட்டரில் வைத்தால் 6 கிலோ ஓம் பக்கம் காட்டும். ஆனால் அந்தக் கம்பி 42 கேஜ், 0.06 மி.மீ., தலைமுடி தடிமன்தான். நான் ஃபேனுக்குக் கட்டுவது அதைவிட மூன்று மடங்கு தடிமன். என் மெஷினின் இழுப்பில் முதல் நூறு சுற்றுக்குள்ளேயே அறுந்தது. கை டிரில்லில் மாட்டி, விரலால் பிடித்து, கவுண்டர் வைத்துச் சுற்றினேன். மூன்றாவது தடவையில் நின்றது. ஆசைக்குச் செய்யலாம், அவசரத்துக்கு ஆகாது. வாங்கிக்கொள்வதே மேல்.

எதை வாங்குவது என்றால், ஒற்றைக் காயில் பிக்கப் பளிச்சென்று பேசும், கூடவே உம்மென்று ரீங்காரமும் போடும். அமெரிக்காவில் இதை 60 சைக்கிள் என்பார்கள், நம் கரண்டில் அது 50. 1955-இல் கிப்சனில் இருந்த செத் லவர் இரண்டு காயிலை எதிரெதிராகக் கட்டி, காந்தத்தையும் திருப்பி வைத்து அந்த ரீங்காரத்தை அடக்கினார். அதுதான் ஹம்பக்கர். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் எர்த் என்பது பேச்சளவில்தான். வீட்டில் வாசிப்பவனுக்கு ஹம்பக்கரே நிம்மதி. ஒற்றைக் காயில்தான் வேண்டுமென்றால் குடைந்த இடம் முழுக்கச் செப்புத் தகடு டேப் ஒட்டி, பிரிட்ஜிலிருந்து எர்த்துக்கு ஒரு ஒயர் மறக்காமல் இழுக்க வேண்டும். பொட் ஒற்றைக் காயிலுக்கு 250 கே (கிலோ ஓம்), ஹம்பக்கருக்கு 500 கே. ரிச்சி தெருவில் வாங்கும்போது மேலே A என்று போட்டிருக்கிறதா பாருங்கள். B என்றால் வால்யூம் ஒரே இடத்தில் குபீரென்று ஏறும்.

இன்னொன்று உப்புக்காற்று. காசிமேட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு என்றால் பிரிட்ஜில் இருக்கும் குட்டி ஸ்க்ரூக்கள் ஆறு மாதத்தில் துருப்பிடித்து இறுகிவிடும். அங்கே மட்டும் காசு பார்க்காமல் ஸ்டெயின்லெஸ் போடுங்கள்.

இனி பெயிண்ட்.

நம் ஊர் ஆசாரியும் பெயிண்டரும் 'டூக்கோ' என்று சொல்கிறார்களே, அது யாருடைய சொல்? 1920-களில் அமெரிக்க டூபாண்ட் கம்பெனி கார்களுக்குக் கொண்டுவந்த நைட்ரோ செல்லுலோஸ் பெயிண்டின் வியாபாரப் பெயர். ஃபெண்டர் ஐம்பது, அறுபதுகளில் தன் கிட்டார்களுக்கு வாங்கியதும் அந்த டூபாண்ட் கார் பெயிண்ட்தான். ஃபியஸ்டா ரெட் என்பது ஃபோர்டு காரின் சிவப்பு, லேக் பிளாசிட் ப்ளூ என்பது கேடிலாக்கின் நீலம். அங்கே இன்று 'விண்டேஜ்' என்று கூடுதல் காசு வாங்கிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரத்தை இங்கே பீரோவுக்கும் கட்டிலுக்கும் அடித்துக்கொண்டிருக்கிறோம்.

டூக்கோவின் நல்ல குணம், தின்னர் ஆவியாகிக் காய்வது. அடுத்த கோட் அடித்தால் முந்தியதைக் கொஞ்சம் கரைத்து ஒன்றாகிவிடும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் தொட்டுச் சரிசெய்யலாம். மெல்லிசாக நிற்கும். கெட்ட குணம் நம் காற்றோடு சேராதது. ஈரப்பதம் அதிகமான நாளில் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, பால் ஊற்றிய மாதிரி வெள்ளை பூத்துவிடும். தின்னர் ஆவியாவதைத் தாமதிக்கும் ரிடார்டர் கலந்தால் கொஞ்சம் தாங்கும். ஐப்பசி கார்த்திகையில் அடிக்கவே கூடாது. வெயில் நாளிலும் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள் முடித்துவிடுங்கள். முழுசாக இறுகச் சில வாரம் ஆகும். கிட்டார் ஸ்டாண்டின் ரப்பர் பட்ட இடத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும்.

கார் டிங்கரிங் ஷெட்டில் அடிப்பது பி.யூ., அதாவது பாலியூரித்தேன், ஹார்ட்னர் கலந்தது. சாயங்காலம் கொடுத்தால் மறுநாள் கண்ணாடி. உறுதி, மினுமினுப்பு, காய்ந்த பிறகு மழைக்கும் பயப்படாது. கூலியும் கட்டுப்படியாகும், கூடச் சேர்ந்து பைக் டேங்க் வேலை வந்தால் மிச்சப் பெயிண்டிலேயே அடித்துத் தருவார்கள். ஆனால் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது, மூச்சுக்குழாயைக் கெடுக்கும். கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கிற தம்பிகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. நீங்களே அடிப்பதென்றால் ஆவிக்கான ஃபில்டர் வைத்த மாஸ்க் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

ஷெட்டில் கொடுப்பதில் வேறொரு பிரச்சினை இருக்கிறது, அதற்குச் சாட்சி என் சுவரில் தொங்குகிறது. ஒரு ஷெட்டில் பாடியைக் கொடுத்து, சிவப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் பானெட் மாதிரி நினைத்து, பள்ளம் தெரிந்த இடத்திலெல்லாம் பட்டி போட்டுச் சமமாக்கி, நெக் உட்காரும் குழிக்குள்ளும் சேர்த்து நாலு கோட் அடித்துவிட்டார்கள். பார்க்க ஆப்பிள் மாதிரி இருந்தது. நெக் உள்ளே போகவில்லை. தட்டிச் செருகினேன், ஓரத்தில் பெயிண்ட் விரிசல் விட்டு உதிர்ந்தது. சுரண்டி எடுத்தபோது ஒரு பக்கம் அதிகம் போய், நெக் ஒரு நூல் சாய்ந்து, மேல் கம்பி நெக்கின் விளிம்பிலேயே ஓடுகிறது. தப்பு என்னுடையது, சொல்லாமல் கொடுத்தேன். நெக் குழி, ஸ்க்ரூ துளை, பிரிட்ஜ் துளை எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டி, குழியில் ஒரு கட்டையை முடுக்கி, அதைப் பிடித்துத் தொங்கவிட்டு அடிக்கச் சொல்ல வேண்டும். பட்டிக்குப் பதில் மரத்துக்கு உட் ஃபில்லரும் சீலரும். கட்டை முடுக்கிக் கொடுத்தால் ஷெட்காரருக்கும் பிடித்துத் திருப்ப வசதி, மறக்கவும் மாட்டார்.

ஸ்ப்ரே கேன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. மொட்டை மாடியில் அடிக்கலாம், கம்ப்ரெசர் வேண்டாம். சாயங்காலப் பூச்சி வந்து ஒட்டும், பெயிண்ட் மெத்தென்று இருக்கும், பெல்ட் பட்டன் உரசினால் போய்விடும். தலைப்பகுதிக்கு மட்டும் என்றால் சரி.

படம் வரைவதுதான் கஸ்டம் என்று பையனின் எண்ணம். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 1967-இல் தன் ஸ்ட்ராட்டில் மனைவியின் நகப்பூச்சைக்கூட விட்டுவைக்காமல் வரைந்து தள்ளினார், அதைப் போனில் காட்டினான். நம் கையில் அதைவிடப் பெரிய சொத்து இருக்கிறது. திருவொற்றியூர் என்ஃபீல்டு ஃபேக்டரியில் புல்லட் டேங்க்கின் தங்கக் கோட்டை டேப் இல்லாமல், ஒரே இழுப்பில் பிரஷ்ஷால் போட்டார்கள். அந்தக் கைவித்தை இந்தப் பக்கத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஃப்ளெக்ஸ் வந்து போர்டு வேலை போனாலும், காசிமேட்டில் படகுக்குப் பெயர் எழுதவும், ஆட்டோ முதுகில் வரையவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஸ்டிக்கரைவிட அந்தக் கைக்குக் கூலி கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அவர்கள் எடுப்பது எனாமல் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். டூக்கோ மேல் எனாமல் நிற்கும், ஈர எனாமல் மேல் டூக்கோவோ பி.யூ. கிளியரோ (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் தோல் சுருங்கி எழும்பிவிடும். இரண்டு மூன்று வாரம் காயவிட்டு, கிளியரைத் தூசி தூவுகிற மாதிரி மெல்ல மெல்ல ஏற்ற வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு பையனிடம் கேட்டேன்: "உன் கையில என்ன வேலை பண்ணணும்னு ஆசை?" யோசித்துவிட்டு, "கலரும், ஒயரிங்கும்" என்றான். அதோடு தீர்ந்தது. ஒயரிங் மட்டும் என்றால் கிட் வாங்கச் சொல்லியிருப்பேன். கலர் மட்டும் என்றால் பழசை வாங்கித் தேய்த்து அடிக்கச் சொல்லியிருப்பேன். இரண்டும் வேண்டும், மரம் அறுக்க ஆசாரியும் இருக்கிறார் என்பதால் நாலாவது வழி: டெலி வடிவம், தேக்கு, வாங்கின மேப்பிள் நெக், பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், நெக் பக்கம் ஒற்றைக் காயில், அடியில் டூக்கோ, மேலே படகுக்காரர் கையால் ஒரு கோடு. இரண்டு வகை பிக்கப்பும் இருப்பதால் 500 கே பொட். ஒற்றைக் காயில் கொஞ்சம் கூராகப் பேசும், டோனைக் குறைத்துக்கொள்ளலாம். ஆசாரி துணை இல்லாத பையனாக இருந்தால் கூச்சமே இல்லாமல் கிட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

நெக் வந்துவிட்டது. முதலில் நெக், அப்புறம் அதை வைத்து அளந்து குழி வெட்டுவது என்று ஆசாரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு ஓரக் கம்பிக்கும் நூல் கட்டி, நெக்கின் இரு விளிம்பிலிருந்தும் சம தூரத்தில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் பிரிட்ஜுக்குத் துளை. நிறம் இன்னும் முடிவாகவில்லை. அவன் கறுப்பு என்கிறான், அக்கா மாதா நீலம் என்கிறாள். இப்போது கார்த்திகை, வெளியே தூறிக்கொண்டிருக்கிறது. ஒட்டின தேக்குப் பலகை என் கட்டிலுக்கு அடியில் செய்தித்தாள் விரித்துக் கிடக்கிறது. மாசிக்கு முன்னால் டூக்கோ டப்பாவைத் திறக்கக் கூடாது என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன்.